சாம்பல் களிமண்ணில் எடுத்தது

சத்யப்பிரியா எனக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபாய். ஏழு நாள் கூலி, நாளுக்கு அறுநூற்றைம்பது வீதம். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தாள். சொன்ன சொல் தவறுகிற பெண் இல்லை. வெள்ளிக்கிழமை பகலில் அவள் இறந்துபோனதால் அது பாக்கி நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஐயா, "ஏட்டு எழுதிக்குவாரு, நீ கையெழுத்தா கைநாட்டா?" என்று கேட்டீர்கள். அதில் தப்பில்லை. என்னைப் பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் ஏட்டு எழுத வேண்டாம். பேப்பர் இருக்கிறது, பேனா இருக்கிறது, நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள். நான் எழுதியதை ஒருத்தி திருத்த வந்ததால்தான் இவ்வளவும்.

பெயர் அய்யாக்கண்ணு. வயது ஐம்பத்தொன்பது. குன்னத்துக்குக் கிழக்கே ஓடையை ஒட்டின ஊர். சொந்த நிலம் கிடையாது. கிணறு வெட்டியிருக்கிறேன், சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்திருக்கிறேன், அடுத்தவர் காட்டில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் களை வெட்டியிருக்கிறேன். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் எனக்கு எழுத்துத் தெரியாது. பஸ்ஸில் போர்டைப் பார்த்து ஏற மாட்டேன், உள்ளே நம் ஊர் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து ஏறுவேன்.

அந்த வயதில்தான் புரொபசர் ஜெயசீலன் சார் எங்கள் ஓடைக்கு வந்தார். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்றார். எங்களுக்கு அது புதிதில்லை. மாடு மேய்க்கிறவன் காலில் கல்லாகிப்போன சிப்பி குத்தாத நாள் கிடையாது. ஆனால் அவர் தேடியது எல்லாச் சிப்பியையும் இல்லை, ஒரே ஒரு குடும்பத்தை. முக்கோணமாக இருக்கும். அவர் திரிகோனிடே என்பார், நாங்கள் முக்கோணச் சிப்பி என்போம். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஆஸ்திரேலியா பக்கத்துக் கடலில் சில வகைகள் மட்டும்தான். மற்ற சொந்தமெல்லாம் எங்கள் ஓடையைப் போன்ற இடங்களில் கல்லாகிக் கிடக்கிறது.

குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். வெளித்தோற்றத்தை நம்பக் கூடாது. இரண்டு ஓடும் சேருகிற கீலில் பல் இருக்கும். கதவுக்குக் கீல் போட்ட மாதிரி ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்தில் உட்காரும். இந்தக் குடும்பத்துக்கு அந்தப் பல் பெரிது. பல்லின் பக்கங்களில் அரம் இழுத்தது போல வரி வரியாக இருக்கும். நகத்தால் தடவினால் போதும், கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவேன்.

கீலின் ஓரத்தில் ரப்பர் மாதிரி ஒரு பட்டையும் உண்டு. அது எந்நேரமும் ஓட்டைத் திறக்கப் பார்க்கும். உள்ளே இருக்கிற சதை இழுத்துப் பிடித்து மூடி வைத்திருக்கும். செத்துப்போனால் சதை விட்டுவிடும், ஓடு திறந்துகொள்ளும், அலை ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் அடித்துக்கொண்டு போகும். ஆகவே இரண்டு ஓடும் இறுக மூடியபடி ஒரு சிப்பி கிடைத்தால், அது பெரும்பாலும் செத்த பிறகு புதைந்ததில்லை. உயிரோடு இருக்கும்போதே மேலே மண் விழுந்திருக்கிறது. மூடிய சிப்பிக்கு சார் எனக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தருவார்.

ஓடைக் கரையில் இரண்டு அடுக்கு. கீழே சாம்பல் நிறக் களிமண். அதற்கு மேலே, ரொம்பக் காலம் கழித்துப் படிந்த மஞ்சள் மணல்மண். சாம்பல் களியில் கிடைக்கிற முக்கோணச் சிப்பிக்கு முதுகில் முடிச்சு முடிச்சாக இருக்கும். மஞ்சள் மண்ணில் கிடைப்பதற்கு முடிச்சு கிடையாது, வழவழப்பு. பல் ஒன்றுதான், குடும்பம் ஒன்றுதான், காலம் வேறு. எந்தச் சிப்பி எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரிந்தால்தான் யார் முன்னோர், யார் பின்னால் வந்தவர் என்று எழுத முடியும். அதனால் ஒவ்வொரு சிப்பியோடும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

அந்தச் சீட்டில்தான் நான் எழுத்துப் படித்தேன். சார் ஒரு மாதிரிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். எண், இடம், அடுக்கு, தேதி, சேகரித்தவர். அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஆறு மாதத்தில் அது வரைவது இல்லை, எழுதுவது என்று ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சீட்டு எழுதினேன். ஒவ்வொன்றிலும் கடைசி வரி "சேகரித்தவர்: அய்யாக்கண்ணு". கல்லூரியில் அலமாரி அலமாரியாக அது இருக்கிறது. என் பெயர் உலகத்தில் வேறு எங்கே எழுதியிருக்கிறது? ரேஷன் கார்டில் ஒரு தடவை. அதிலும் ஒரு எழுத்து தப்பு.

சார் ஒரு சட்டம் வைத்திருந்தார். மண்ணில் பதிந்திருப்பதை மட்டும் உளி வைத்து எடுக்க வேண்டும், தரையில் தனியாகக் கிடப்பதைத் தொடக் கூடாது. அவருக்கு முட்டிவலி, ஜீப்பை விட்டு இறங்க மாட்டார். உளி வைத்து எடுத்தால் ஒரு நாளைக்கு மூன்று வரும். மழை பெய்த மறுநாள் போனால் கழுவித் துடைத்த மாதிரி ஓடையில் கூடை கூடையாகக் கிடக்கும். என்னோடு வேலை பார்த்த கொளஞ்சியம்மாள் முதல் வாரமே சிரித்தாள்.

"மழ பேஞ்சா சிப்பி தானா கூடைக்கு வருது. நீ என்னய்யா உளிய வச்சுக்கிட்டு அதும் பல்லப் புடுங்குற? பல் டாக்டரா நீ?"

"சார் பதிஞ்சதத்தான் எடுக்கச் சொன்னாரு."

"சாரு வந்து குனிஞ்சு பாத்தாரா? எங்க கெடந்துச்சோ அங்க எடுத்தேன்னு எழுது. பொய்யா அது?"

பொய் இல்லை. எங்கே என் கை தொட்டதோ அதைத்தான் எழுதினேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழாம் எண் சிப்பி, தீபாவளி மழைக்கு மறுநாள் கிடைத்தது. சாம்பல் களிமண் மேல் உட்கார்ந்திருந்தது. முதுகில் முடிச்சு இல்லை, வழவழப்பு. இரண்டு ஓடும் மூடியிருந்தது. சார் பார்த்ததும் ஜீப்பை விட்டே இறங்கிவிட்டார்.

"அய்யாக்கண்ணு, இது மேலேருந்து உருண்டு வந்ததில்லையே? பதிஞ்சுதானே இருந்துச்சு?"

"பதிஞ்சுதான் சார் இருந்துச்சு."

அந்த ஒரு சிப்பியை வைத்து சார் ஒரு பேப்பர் எழுதினார். வழவழப்பு வகை பின்னால் வந்ததில்லை, சாம்பல் மண் காலத்திலேயே இருந்திருக்கிறது என்று நிரூபித்தார். குடும்ப மரம் ஒன்று வரைந்து, ஒரு கிளையையே கீழே இறக்கிவிட்டார். அந்தக் கிளையின் நுனியில் என் சீட்டு எண் அச்சில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். நீங்கள் சோதனை போட வந்தபோது பார்த்திருப்பீர்கள்.

சார் நாலு வருஷத்துக்கு முன்னால் காலமானார். அதன் பிறகு வந்தவள் சத்யப்பிரியா. பெரம்பலூர் துறைமங்கலத்தில் மாவு மில் வைத்திருக்கும் மணிவேலின் மகள். இருபத்தாறு வயது. அவளுக்கும் அந்தச் சிப்பிக் குடும்பம்தான் ஆராய்ச்சி. என்னைத் தேடி வந்து, "சித்தப்பா, உங்க கையெழுத்தப் படிச்சுத்தான் நான் இந்தப் படிப்பே படிக்கிறேன்" என்றாள். சாப்பாட்டு டப்பாவில் எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள். வெயிலில் எனக்கு முன்னால் அவள் உட்கார மாட்டாள். அவளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை எழுத என்னால் முடியாது.

ஏழு நாள் வேலைக்குக் கூப்பிட்டாள். ஓடைக் கரையின் அடியில், மஞ்சள் மண் முடிந்து சாம்பல் களி தொடங்குகிற இடம் நன்றாகத் தெரியும்படி ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வெட்டு வெட்ட வேண்டும். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வெட்டி எடுத்த சாம்பல் மண்ணைப் பக்கத்திலேயே குவித்து வைத்தேன். ஆறாம் நாள் சாப்பிடும்போது அவளாகச் சொன்னாள்.

"சித்தப்பா, கோச்சுக்காதீங்க. அந்த ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினேழ அறுத்துப் பாத்தேன்."

"அறுத்தியா?"

"உள்ள இருந்த மண்ணப் பாக்கணும்ல. ரெண்டு ஓடும் மூடியிருக்கு, வெளி மண் உள்ள போவ வழியில்ல. உள்ள பூராம் மஞ்ச மணலு. சாம்பலு ஒரு பொட்டுகூட இல்ல."

"மஞ்ச மண்ணத் தின்னிருக்கும்."

அவள் சிரித்தாள். ஏளனமாக இல்லை, நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டாள். "மஞ்ச மண்ணே அப்பப் பொறக்கல சித்தப்பா. அது மேலேருந்து உருண்டு வந்தது. இன்னும் முந்நூறு நானூறு அப்பிடித்தான் இருக்கு. உங்க மேல தப்பில்ல. சாரு பக்கத்துல நின்னு பாத்திருக்கணும்."

"அதுக்கு இப்ப என்ன பண்ணப் போற?"

"பேப்பருல எழுதணும். சேகரிச்சவரோட சீட்ட அடுக்குக்கு ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு. எதுவும் தூக்கிப் போட மாட்டோம், புதுச் சீட்டு அடிச்சு ஒட்டிடுவோம். அடுக்குங்கிற எடத்துல தெரியாதுன்னு போட்டுருவோம், அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு சீட்டு. அச்சடித்த புதுச் சீட்டு, என் எழுத்தின் மேலேயே ஒட்டுவார்கள். அடுக்கு: தெரியாது. பன்னிரண்டு வருஷம் நான் எழுதினது எல்லாம் சேர்ந்து ஒரே வார்த்தையாகப் போகிறது. நாற்பத்து மூன்று வருஷம் எதைக் கேட்டாலும் நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. பஸ் எங்கே போகிறது? தெரியாதுங்க. மனுவில் என்ன எழுதியிருக்கிறது? தெரியாதுங்க. அதைத் திரும்பவும் என் தலையில் எழுத ஒரு பெண் நல்ல சோறு போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

நான் கோபப்படவில்லை. டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராத்திரி மழை பெய்திருந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெட்டுக்குள் முதல் ஆளாகக் கூலிக்காரன் இறங்குவான். கடப்பாரையின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டுவான். கணீர் என்று வந்தால் மற்றவர்கள் இறங்கலாம். பொத்தென்று வந்தால் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானும் இறங்கினேன், தட்டினேன். பொத்தென்று வந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். கரை விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் கை மணிக்கட்டு வரைக்கும் போனது.

"எப்பிடி சித்தப்பா இருக்கு?"

"திடமா இருக்கு பாப்பா. எறங்கு."

நான் செய்ததில் பேச்சு என்று பார்த்தால் இவ்வளவுதான். அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. என் வார்த்தையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று எழுதப் போகிறவள், என் வார்த்தையை நம்பி இறங்கினாள். அது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் சுவர் சரிந்தது. பெரிய சத்தம் இல்லை, லாரியில் மணல் கொட்டுகிற மாதிரி. தூசி அடங்கினதும் பார்த்தேன். நெஞ்சு வரைக்கும் மூடியிருந்தது. தலையும் ஒரு கையும் வெளியே இருந்தன. நல்ல நினைவோடு இருந்தாள்.

"சித்தப்பா, மூச்சு முட்டுது. மொதல்ல நெஞ்சுக்கிட்ட தோண்டுங்க. போன் பையில இருக்கு, 108-க்குப் பண்ணுங்க."

மண்வெட்டியை எடுத்தேன். தோண்டத்தான் எடுத்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். பக்கத்தில் போய்க் குனிந்து ஒரு கேள்வி கேட்டேன்.

"பாப்பா, என் சீட்டெல்லாம் அப்பிடியே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் சித்தப்பா. அப்பிடியே வச்சிடுறேன். ஒண்ணுகூட மாத்த மாட்டேன். சத்தியமா."

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினேழு சாம்பல் மண்ணுதானே?"

"சாம்பல் மண்ணுதான். சாம்பல் மண்ணுதான் சித்தப்பா. தோண்டுங்க."

முந்தின நாள் மஞ்சள் என்றாள். சிப்பியை அறுத்துப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்கு நெஞ்சில் மண் அழுத்தினதும் சாம்பல் என்கிறாள். அந்த நிமிஷம்தான் எனக்கு அவள் மேல் இருந்த மரியாதை போயிற்று. உயிர் பயத்தில் அடுக்கை மாற்றிச் சொல்கிறவள் எப்படி ஆராய்ச்சி செய்ய முடியும்? அவள் கையில் அந்தச் சிப்பிக் குடும்பத்தை விட்டுவைக்கலாமா?

பக்கத்தில் நான் ஆறு நாள் வெட்டிக் குவித்த சாம்பல் களிமண் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். அரை மணி நேரம் ஆனது. எனக்கு முதுகுவலி, நிறுத்தி நிறுத்தித்தான் போட முடிந்தது. பிறகு ரோட்டுக்கு நடந்து போய், வந்த பஸ்ஸை மறித்துக் கூச்சல் போட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், உடனே இறங்கி ஓடி வந்தார்கள்.

சுவர் விழுந்து மூடிவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் மட்டும் தீயணைப்புக்காரர் எடுத்த போட்டோவை மேசையில் வைத்து விரலால் காட்டினீர்கள். அடியில் மஞ்சள் மண், அதற்கு மேலே சாம்பல் மண். டாக்டர் ரிப்போர்ட்டையும் படித்துக் காட்டினீர்கள். மூச்சுக்குழாயில் இருந்தது சாம்பல் களி, மஞ்சள் இல்லை. அப்புறம் கேட்டீர்கள்: "யோவ், மஞ்ச மண்ணு மேலேருந்து விழும், சரி. கீழ கெடக்குற சாம்ப மண்ணு தானா மேல ஏறுமா?"

ஏறாது ஐயா. மேலே இருப்பது கீழே உருண்டு வரும். கீழே இருப்பது தானாக மேலே போகாது. உள்ளே போயிருக்கிற மண்தான் உண்மையைச் சொல்லும். பன்னிரண்டு வருஷம் இந்த வேலை பார்த்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? நியாயமாகக் கேட்டீர்கள், அதனால்தான் நியாயமாக எழுதிக் கொடுக்கிறேன். அவளை நான்தான் மூடினேன். உயிரோடுதான் மூடினேன். இதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, மன்னிப்புக் கேட்கவும் ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு சாம்பல் களிமண்ணில் எடுத்தது. அதைக் கோர்ட்டில் எத்தனை பேர் நின்று கேட்டாலும் மாற்றிச் சொல்ல மாட்டேன். அவள் நோட்டை வைத்துக் கல்லூரியில் பேப்பரை முடித்துவிட்டார்களாம், புதுச் சீட்டு ஒட்டத் தொடங்கிவிட்டார்களாம், ஏட்டு சொன்னார். ஒட்டட்டும். அடியில் இருப்பது என் எழுத்து. என்றைக்காவது ஒருவர் உரித்துப் பார்ப்பார்.

கடைசியாகப் பணத்தைப் பற்றி. நீங்கள் என்னைப் பிடிப்பதற்கு முன்னால், அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மணிவேல் என் வீட்டுக்கு வந்தார். காது மடலில் மாவு ஒட்டியிருந்தது. கவரை நீட்டினார்.

"பாப்பா நோட்டுல எழுதி வச்சிருந்துச்சுங்க. சித்தப்பாவுக்கு நாலாயிரத்து ஐநூத்தி அம்பது, சனிக்கெழம தரணும்னு. அது கடன் வச்சுட்டுப் போனதா இருக்கக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உழைத்த கூலி. எண்ணி வாங்கிக்கொண்டேன். போகத் திரும்பினவர் நின்று கேட்டார்.

"கூட இருந்தது நீங்க ஒருத்தருதான். ரொம்பக் கஷ்டப்பட்டுச்சாங்க?"

"இல்லைங்க. ஒடனே போயிருச்சு."

அவர் தலையை ஆட்டினார். ரசீது கேட்கவில்லை. நானாகத்தான் ஒரு சீட்டு எடுத்து எழுதிக் கொடுத்தேன். அவர் வெகு நேரம் அதைப் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்குங்க. பாப்பா அடிக்கடி சொல்லும்" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சீட்டை அவரிடம் வாங்கி இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய எதிலும் பொய் இருந்ததில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

"தொகை: ரூபாய் 4,550. இடம்: என் வீடு. தந்தவர்: மணிவேல். பெற்றவர்: அய்யாக்கண்ணு. சத்யப்பிரியாவுக்கும் எனக்கும் இனி ஒரு பாக்கியும் இல்லை."